கோடை இடிமழைக்கு எந்த அறிவிப்பை நம்புவது? நெல்லைச் சீமைக்கு ஓர் ஒப்பீடு

பங்குனி பாதி கழிந்துவிட்டால் நெல்லைச் சீமையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோர் கண்ணும் மேற்கே போய்விடும். பிசான நெல்லைச் சாலையோரம் காயப்போட்ட சேரன்மகாதேவிக்காரர், குலை தள்ளிய ஏத்தன் வாழையை நம்பியிருக்கும் களக்காட்டு விவசாயி, பதநீர் இறக்கப் பனையேறும் உடன்குடித் தொழிலாளி, பச்சைச் செங்கலை அடுக்கிவைத்திருக்கும் சூளைக்காரர், அம்மன் கோயில் கொடைக்குப் பந்தல் போட்ட ஊர்க்காரர்கள் என்று அத்தனை பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு மழை உண்டா, இல்லையா? பதில் சொல்ல ஆள் குறைவில்லை. வானிலை ஆய்வு மையம் ஒன்று சொல்கிறது. கைப்பேசித் திரையில் வரும் குடைப் படம் வேறொன்று காட்டுகிறது. வானிலை ஆர்வலர் ஒருவர் இன்னொன்று எழுதுகிறார். களத்துமேட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அத்தனையையும் மறுக்கிறார். எதைக் கேட்டு எந்த வேலையை முடிவு செய்வது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நேரத்துக்கு முன்னால் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அறிவிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாளைய வேலைக்கு வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட அறிவிப்பு. இன்று மதியத்துக்கு மேல் என்றால் அதே மையத்தின் 3 மணி நேர அறிவிப்பும் செயற்கைக்கோள் படமும். இடி கேட்கத் தொடங்கிய பிறகு மின்னலை எச்சரிக்கும் தாமினி செயலியும் சொந்தக் காதும். கைப்பேசியோடு வரும் குடைப் படத்தை இந்த மூன்றில் எதற்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் இந்த மழை பிறக்கும் விதம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும். நாலைந்து நாளுக்கு முன்பே படத்தில் தெரியும். கோடை மழைக்கு அந்த அவகாசம் கிடையாது. காலை வெயிலில் தரை சுடுகிறது. மதியவாக்கில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து கடற்காற்று உள்ளே ஏறுகிறது. பொதிகை மலைச் சரிவில் சூடான காற்று மேலெழும்புகிறது. செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்குக் காற்றும் நுழைகிறது. இவை முட்டிக்கொள்ளும் இடத்தில் ஈரப்பதம் போதுமான அளவு இருந்துவிட்டால் இடிமேகம் செங்குத்தாக வளர்ந்துவிடும். ஒரு தனி இடிமேகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரம். அகலம் சில கிலோமீட்டர்தான். அம்பாசமுத்திரத்தில் தெருவில் தண்ணீர் ஓடும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் தூசி பறப்பது இதனால்தான்.

மலைமேல் எழும்பிய மேகம் எங்கே நகரும் என்பதை உயரத்தில் வீசும் காற்று தீர்மானிக்கிறது. சுமார் 3 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்குக் காற்று இருந்தால் மழை கேரளத்துக்குப் போய்விடும். நமக்கு மின்னல் மட்டும் தெரியும். மேற்குக் காற்று இருந்தால் பாபநாசத்தில் பிறந்தது வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று சமவெளிக்கு இறங்கி வரும். வெயில் கூடினால் மழை நிச்சயம் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. மே 4 முதல் 28 வரை நீளும் கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை 40 டிகிரியை நெருங்கும் வறண்ட நாளைவிட, இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தும் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் புழுக்கமான நாளில்தான் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். வெயில் எவ்வளவு காய்ந்தாலும் ஈரம் இல்லாமல் மேகம் எழும்பாது.

இனி அறிவிப்புகளுக்கு வருவோம். 1875இல் தொடங்கிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை மண்டல மையம் தினமும் மாவட்டவாரியாக முன்னறிவிப்பு தருகிறது. இதைப் பொய் என்று சொல்கிறவர்களில் பலர் அதன் வரிகளை முழுவதும் படிப்பதில்லை என்பது என் வருத்தம். ‘ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை’ என்ற வரியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரைதான் மழை பதிவாகும் என்று கணக்கு. முக்கால்வாசி ஊர்கள் காய்ந்து கிடக்கும் என்பதையும் சேர்த்தே அந்த வரி சொல்கிறது. ஒருசில இடங்கள் என்றால் பாதி நிலையங்கள் வரை. உங்கள் ஊரில் மழை பெய்யவில்லை என்பதால் அந்த அறிவிப்பு தப்பாகிவிடாது.

அளவுச் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர். மிக கனமழை 12 முதல் 20. அதற்கு மேல் அதி கனமழை. கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. கோடையில் அரை மணி நேரத்தில் 4 சென்டிமீட்டர் கொட்டி ஓய்ந்தாலும் பட்டியலில் அது மிதமான மழைதான். சாலையில் கிடக்கும் நெல்லுக்கு அதுவே பேரழிவு. ஆகவே சித்திரை, வைகாசியில் ‘மிதமான’ என்பதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. ‘இடி மின்னல்’ என்ற சொல் இருக்கிறதா, ‘மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று’ என்பது சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறத்தையும் பாருங்கள். பச்சை என்றால் நடவடிக்கை தேவையில்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே இறங்கிச் செய்ய வேண்டும். கோடையில் நமக்கு வருவது பெரும்பாலும் மஞ்சள்தான் என்பதால் அதை அலட்சியப்படுத்தும் பழக்கம் வந்துவிட்டது. மின்னலுக்கு மஞ்சளே போதும்.

மாவட்ட அறிவிப்பின் குறை, மாவட்டம் என்ற எல்லைதான். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்த பிறகு அறிவிப்பு ஓரளவு கூர்மையானது உண்மை. ஆனாலும் இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலை, நாலுமுக்கு போன்ற மலைத் தோட்டங்களும் இருக்கின்றன, உவரி கடற்கரையும் இருக்கிறது. நாலுமுக்கில் தேயிலை நனைந்துகொண்டிருக்கும் அதே மதியத்தில் திசையன்விளையில் தேரிமணல் சுடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரி. நீங்கள் மலையடிவாரத்தில் இருந்தால் அந்த வரியை ஒரு படி கூட்டியும், கடலோரத்தில் இருந்தால் ஒரு படி குறைத்தும் படிப்பது நல்லது.

மதியத்துக்கு மேல் அந்த முந்தைய நாள் அறிவிப்புக்கு மதிப்பு குறைந்துவிடும். அப்போது வேண்டியது ‘அடுத்த 3 மணி நேரத்துக்கு’ என்று வரும் அறிவிப்பு. வானிலைத் துறையின் மௌசம் செயலியிலும் மண்டல மையத்தின் இணையதளத்திலும் கிடைக்கிறது. அப்போதைய செயற்கைக்கோள் படத்தையும் ராடாரையும் மின்னல் பதிவுகளையும் பார்த்துத் தருவது என்பதால் முதல் நாள் கணிப்பைவிடப் பல மடங்கு நம்பகமானது. கோடையில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் இதைத்தான் எடுப்பேன்.

இதற்கும் நம் பகுதியில் ஓர் இடைஞ்சல் உண்டு. சென்னை, காரைக்கால் ராடார்கள் நமக்குத் தூரம். பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம். அதற்கும் நமக்கும் இடையில் 1,868 மீட்டர் உயர அகத்தியமலையும் அதன் தொடரும் நிற்கின்றன. மலைக்கு இந்தப் பக்கம் தாழ்வாக இருக்கும் மழையை ராடார் கற்றை முழுதாக எட்டுவது கடினம். உச்சி உயர்ந்த மேகம் தெரியும். அடியில் நடப்பது சரியாகத் தெரியாது. இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது செயற்கைக்கோள் படம். இன்சாட் படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டால் மேகம் கேரளத்துக்குச் சாய்கிறதா, நம் பக்கம் இறங்குகிறதா என்பது சில நிமிடங்களில் புரிந்துவிடும். ஒற்றைப் படத்தால் பயனில்லை. நகர்வைப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியின் குடைப் படத்தை ஏன் ஒதுக்குகிறேன் என்றும் சொல்ல வேண்டும். கணினி மாதிரி ஒன்றின் முடிவை உங்கள் ஊர்ப் பெயரின் மேல் ஒட்டிக் காட்டுவதுதான் இத்தகைய செயலிகள் பெரும்பாலானவற்றின் வேலை. மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கின்றன. உலகம் முழுவதும் மதிக்கப்படும் ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரிக்கே கட்டம் 9 கிலோமீட்டர். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் முன்கணிப்பு முறையில் அது 6 கிலோமீட்டர். அதற்கு முன் 12 ஆக இருந்தது. பெரிய முன்னேற்றம்தான், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் சில கிலோமீட்டர் அகல இடிமேகம் அந்தக் கட்டத்துக்குள் எந்தத் தெருவில் எழும்பும் என்பதை எந்த மாதிரியும் முதல் நாளே சொல்ல முடியாது. ‘மாலை 4 மணிக்கு 60 சதவீதம்’ என்று திரை காட்டும் துல்லியம் அந்தக் கணிப்பில் கிடையாது.

அதே மாதிரிகளை, அவற்றின் கணிப்பை வரைபடமாகக் காட்டும் விண்டி போன்ற செயலிகளில் வேறு விதமாகப் பயன்படுத்தலாம். மழைப் பட்டையைப் பார்க்காமல், 3 கிலோமீட்டர் உயரக் காற்றின் திசையையும் ஈரப்பதத்தையும் பாருங்கள். காற்றின் திசையை மாதிரிகள் நன்றாகவே கணிக்கின்றன. மேற்கிலிருந்து மெல்லிய காற்று, மேலே ஈரம் என்றால் அன்று மலையடிவார ஊர்கள் விழிப்பாக இருக்க வேண்டிய நாள்.

தனி ஆர்வலர்களில் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் எல்லோருக்கும் தெரிந்தவர். இவர்கள் எழுத்தின் பலம், ஊர்ப் பெயர் சொல்லிப் பேசுவது. எதனால் மழை, எதனால் இல்லை என்ற விளக்கத்தையும் சேர்த்துத் தருவது. தெற்கு மாவட்டங்களுக்கென்றே எழுதும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு அத்துபடி. ஆபத்து அவர்களிடம் இல்லை, அவர்கள் சொன்னது நமக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறது. தேதி இல்லாத ஒலிப்பதிவு, போன வருடத்துப் படம், வெட்டி ஒட்டிய வரி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுபவை பல. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய பிறகு, மேகம் கறுத்தாலே மக்கள் பயப்படுவது நியாயம்தான். அந்தப் பயத்தின் மேல் பழைய செய்தியை ஏற்றிவிடுவது பெரிய கொடுமை. மூலப் பக்கத்துக்குப் போய்த் தேதியும் நேரமும் பார்க்காமல் எதையும் வீட்டில் சொல்லாதீர்கள்.

விவசாயிகளுக்கு மேகதூத் செயலி தனியாக இருக்கிறது. அதில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் ஐந்து நாள் கணிப்போடு பயிர் ஆலோசனையும் வரும். மருந்து அடிப்பது, தண்ணீர் பாய்ச்சுவது, அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைப்பது போன்ற வேலைகளுக்கு நல்லது. இன்று மாலை இடிக்குமா என்பதற்கு அது உதவாது.

பெரியவர்களின் கணிப்பை நான் கடைசியில் வைக்கவில்லை. அதற்கு உரிய நேரத்தில் வைக்கிறேன். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறுவதையும் தட்டான் தாழப் பறப்பதையும் விட, அவர்கள் காற்றைப் படிக்கும் விதம்தான் எனக்குப் பெரிது. மதியம் வரை வீசிய காற்று சட்டென்று நின்றுவிடும். வேப்பிலைகூட அசையாது. மேற்கே மேகத்தின் உச்சி பட்டறைக் கல்லைப்போல் தட்டையாக விரியும். பிறகு ஒரே வீச்சில் குளிர்ந்த காற்று, மண்வாசனையோடு, மேகம் இருக்கும் திசையிலிருந்து வரும். இடிமேகத்துக்குள் மழையோடு இறங்கும் குளிர்க்காற்று தரையில் மோதி நாலாபுறமும் ஓடுவதுதான் அது. மழை எங்கேயோ பக்கத்தில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் காற்று முகத்தில் பட்ட பிறகு சில நேரம் பத்து நிமிடம்தான் கிடைக்கும், சில நேரம் அரை மணி கிடைக்கும். அந்தக் கடைசி நிமிடங்களில் களத்தில் நிற்கும் பெரியவரைவிட வேகமான செயலி எதுவும் கிடையாது.

இப்போது வேலைகளை வைத்துப் பார்ப்போம். நெல் காயப்போடுவதில் கணக்கு கறாரானது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக எடுக்க மாட்டார்கள். ஒரு மழையில் இரண்டு நாள் காய்ச்சல் வீணாகிவிடும். முந்தைய நாள் மாவட்ட அறிவிப்பில் ‘இடி மின்னல்’ இருந்தால் காயப்போடுவதை நிறுத்த வேண்டாம். பரப்பைக் குறைத்தால் போதும். இருக்கிற தார்ப்பாய் எவ்வளவு மூடுமோ அவ்வளவு நெல்லை மட்டும் விரியுங்கள். மதியம் 1 மணிக்கு மேல் 3 மணி நேர அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே, காற்று நின்றதும் குவிக்கத் தொடங்கிவிடலாம். தூத்துக்குடி உப்பளங்களில் வாரிக் குவித்த உப்புக்கும் இதே வழிதான்.

வாழை முற்றிலும் வேறு. ஏத்தன் வாழையைச் சாய்ப்பது மழையைவிட அதற்கு முன் வரும் சூறைக்காற்று. அது வரும் என்று 3 மணி நேரத்துக்கு முன்னால் தெரிந்தாலும் ஆயிரம் வாழைக்கு முட்டுக்கொடுத்து முடிக்க முடியாது. எனவே வாழைக்காரர் எந்தத் தினசரி அறிவிப்புக்காகவும் காத்திருக்கக் கூடாது. குலை தள்ளியதுமே முட்டுக்கம்பு நின்றாக வேண்டும். அறிவிப்பு அவருக்கு உதவுவது ஒரு விஷயத்தில்: பலத்த காற்று என்று வந்திருந்தால் அன்று தண்ணீர் பாய்ச்சுவதைத் தள்ளிப்போடலாம். ஈரம் ஊறி இளகிய மண்ணில் நிற்கும் வாழை வேரோடு சாய்ந்துவிடும்.

அருவிக்கும் அணைப் பகுதிக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் தங்கள் ஊர் வானத்தைப் பார்த்துப் புறப்படவே கூடாது. மழை மலையுச்சியில் பெய்யும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும். தண்ணீர் மட்டும் திடீரென்று கறுத்துப் பெருகி வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். மலைப்பகுதிக்கு எச்சரிக்கை இருக்கிற நாளில் குளியல் வேண்டாம். தடை போட்டிருந்தால் காவலரிடம் வாதாடவும் வேண்டாம்.

உயிர் சம்பந்தப்பட்ட முடிவு மின்னலுக்குத்தான் முதலில் வேண்டும். இங்கேதான் பனையேறிகளை நினைத்துக் கவலைப்படுகிறேன். பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவியாக வேண்டும். அந்த மாலை ஏற்றம் கோடை இடி உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில் வருகிறது. தேரிக்காட்டில் தனித்து நிற்கும் உயரமான மரம், அதன் உச்சியில் ஆள். இதைவிட மோசமான இடம் மின்னலுக்கு முன்னால் வேறில்லை. புனே நிறுவனத்தின் தாமினி செயலி, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் விழும் மின்னல்களைக் காட்டி எச்சரிக்கிறது. மரத்தில் இருப்பவர் கைப்பேசியைப் பார்க்க முடியாது. கீழே நிற்பவரிடம் அது இருக்க வேண்டும், அவர் குரல் கொடுத்தால் இறங்கிவிட வேண்டும்.

செயலி இல்லாதவருக்கு எண்ணிக்கை இருக்கிறது. மின்னல் கண்ணில் பட்டதிலிருந்து இடி கேட்கும் வரை விநாடிகளை எண்ணுங்கள்; மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதை எட்டுவதற்குள் இடி கேட்டுவிட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, வெட்டவெளியில் இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்பிப் போகவும் கூடாது. கிடை போட்ட ஆட்டுக்காரர்கள் மழைக்கு ஆடுகளோடு ஒற்றை மரத்தடியில் ஒதுங்குவதை இன்னும் பார்க்கிறோம். நனைந்தால் காய்ச்சல் வரும். மரத்தடியில் நின்றால் உயிரே போகும். கான்கிரீட் கட்டடமோ மூடிய வாகனமோதான் பாதுகாப்பு. எதுவும் இல்லாவிட்டால் மரத்தை விட்டு விலகி, தாழ்வான இடத்தில், கால்களைச் சேர்த்துக் குத்தவைத்து உட்கார வேண்டும்.

இந்த ஒப்பீடு முழுவதும் வைகாசிக் கடைசி வரைக்கும்தான். ஜூன் 1ஐ ஒட்டிக் கேரளத்தில் பருவமழை இறங்கி, கயத்தாறு காற்றாலைகள் விடாமல் சுற்றத் தொடங்கிவிட்டால், சமவெளியில் பெரும்பாலும் காற்று மட்டும்தான்; சாரல் குற்றாலத்துக்கும் மலைக்கும். அப்போது பருவமழை அறிவிப்பைப் பார்த்தால் போதும்.

கடைசியாக ஒரு நடைமுறைத் தகவல். தாமினியை இறக்கிவைத்தும் எச்சரிக்கை வரவில்லை என்று சொல்கிறவர்கள் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். இருப்பிட அனுமதி ‘எப்போதும்’ என்று இருக்க வேண்டும். அறிவிப்பு ஒலி திறந்திருக்க வேண்டும். மின்கலச் சேமிப்பு முறை அந்தச் செயலியை உறங்க வைக்காதபடி விலக்கு கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் பனையேறுகிறவரோ ஆடு மேய்க்கிறவரோ இருந்தால், இன்று மாலையே அவர் கைப்பேசியையும் அவரோடு வேலைக்குப் போகிறவரின் கைப்பேசியையும் வாங்கி இதைச் சரிசெய்து கொடுங்கள்.